விளம்பரத்தில் இருக்கும் பெயர், விளம்பரத்துக்குப் பொறுப்பான பெயர்

தேர்தல் காலத்தில் ஃபேஸ்புக்கில் வரும் அரசியல் விளம்பரத்தில் இரண்டு பெயர்கள் கண்ணில் படும். மேலே பக்கத்தின் பெயர். அதற்கடியில் பொடி எழுத்தில், ‘பெய்ட் ஃபார் பை’ என்று ஆரம்பிக்கும் வரியில் இன்னொரு பெயர். கட்சியின் அதிகாரப்பூர்வப் பக்கம் என்றால் இரண்டும் ஒன்றாகவே இருக்கும், அதில் ஆராய எதுவும் இல்லை. பக்கம் ஏதோ மீம் பக்கம் போலவும், அடியில் இருப்பது யாரும் கேள்விப்படாத நிறுவனம் அல்லது தனிநபரின் பெயராகவும் இருக்கும்போதுதான் கேள்வி எழுகிறது: இதற்கு யார் பொறுப்பு?

இதற்கு ஒரே ஒரு விடை இருக்கும் என்று நினைப்பதில்தான் பாதிக் குழப்பம். ஒரு விளம்பரத்துக்குப் பின்னால் ஐந்து பேர் வரை இருக்கலாம். பக்கத்தையோ சேனலையோ வைத்திருப்பவர், விளம்பரக் கணக்கை இயக்குபவர், டிஸ்கிளெய்மர் வரியில் (அந்தப் ‘பெய்ட் ஃபார் பை’ வரியில்) பெயர் வருபவர், பணம் கட்டுபவர், எவருடைய நன்மைக்காக விளம்பரம் ஓடுகிறதோ அவர். ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவும், யூடியூபை நடத்தும் கூகுளும் சரிபார்ப்பது பெரும்பாலும் நடுவில் இருக்கும் மூவரில் ஒருவரை. இந்தியத் தேர்தல் சட்டம் தேடுவது கடைசி ஆளை. இரண்டு தேடலும் ஒரே ஒரு தாளில்தான் சந்திக்கின்றன. அந்தத் தாளைப் பற்றிப் பிறகு பார்ப்போம். முதலில் சட்டம்.

சட்டம் யாரைத் தேடுகிறது

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 127ஏ பிரிவு நோட்டீஸ், சுவரொட்டிக்கானது. அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும். வெளியிடுபவர் தான் யார் என்று இரண்டு பிரதிகளில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அவரை நேரில் தெரிந்த இருவர் அதற்குச் சான்றொப்பமிட்டால்தான் அச்சகம் வேலையை எடுக்கலாம். அச்சடித்த பிறகு உறுதிமொழியின் பிரதியும் நோட்டீஸின் பிரதியும் அதிகாரிக்குப் போக வேண்டும். மீறினால் 6 மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத் தொகை சிரிப்பை வரவழைத்தாலும் ஏற்பாடு கெட்டிக்காரத்தனமானது. யாருக்குத் தெரியாவிட்டாலும் அச்சகக்காரருக்கு ஆள் யார் என்று தெரியும். அவர் சொல்லாவிட்டால் அவர் மாட்டிக்கொள்வார். இந்தப் பிரிவு அச்சிட்ட தாளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. இணைய விளம்பரத்தில் அச்சகக்காரரின் இடத்தில் இருப்பது மெட்டாவும் கூகுளும். ஆனால் அந்தப் பிரிவின் சொற்கள் அவர்களைப் பெயர் சொல்லிக் கட்டுவதில்லை.

அடுத்தது செலவுக் கணக்கு. அதே சட்டத்தின் 77-வது பிரிவுப்படி, வேட்பு மனு தாக்கல் செய்யும் நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் நாள் வரை, வேட்பாளரோ அவருடைய தேர்தல் ஏஜென்ட்டோ செய்த செலவும், அவர்கள் அனுமதியோடு மற்றவர் செய்த செலவும் வேட்பாளரின் கணக்கில் ஏறும். தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலங்களில் உச்சவரம்பு சட்டமன்றத் தொகுதிக்கு 40 லட்சம், மக்களவைத் தொகுதிக்கு 95 லட்சம் ரூபாய். 2022 ஜனவரியில் உயர்த்தப்பட்ட தொகை இது. கட்சி தன் பெயரில் செய்யும் பொதுப் பிரசாரத்துக்கு வரம்பே கிடையாது. பொறுப்பாளர் யார் என்ற கேள்வி இவ்வளவு முக்கியமாவது இந்த ஓட்டையால்தான். ஒரே வீடியோ வேட்பாளரின் பெயரில் போனால் 40 லட்சத்துக்குள் அடங்க வேண்டும், கட்சியின் பெயரில் போனால் கணக்கில் காட்டினால் போதும், ‘நலம் விரும்பி’ ஒருவரின் பெயரில் போனால் எந்தக் கணக்கிலும் வராமலே போகலாம்.

அந்த நலம் விரும்பிக்கும் சட்டம் உண்டு. வேட்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அவருடைய வெற்றிக்காக விளம்பரச் செலவு செய்வது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 171எச் பிரிவில் குற்றமாக இருந்தது. அபராதம் 500 ரூபாய் வரை. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 176-வது பிரிவு, அபராதம் 10,000 ரூபாய் வரை. இதன் தர்க்கம் எளிது. அனுமதி கொடுத்திருந்தால் செலவு வேட்பாளர் கணக்கில் ஏறும், கொடுக்கவில்லை என்றால் செலவழித்தவர் மேல் வழக்கு. எப்படிப் பார்த்தாலும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். நடைமுறையில் இது முட்டி நிற்கும் இடம் ஒன்று உண்டு. பிரிவு பேசுவது வேட்பாளரின் வெற்றியை முன்னிறுத்தும் செலவை. எதிராளியைத் திட்டி மட்டும் ஓடும் விளம்பரம் எவருடைய வெற்றிக்காக என்று வாதாட இடம் இருக்கிறது. மறைமுக விளம்பரங்கள் பெரும்பாலும் வசைபாடும் விளம்பரங்களாக இருப்பது தற்செயல் என்று தோன்றவில்லை.

அந்த ஒரு தாள்

2004 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின் வழியாக, தொலைக்காட்சி, கேபிள் அரசியல் விளம்பரங்களுக்கு முன்சான்றிதழ் கட்டாயமானது. அதைக் கொடுப்பது ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு. ஆங்கில முதலெழுத்துகளால் எம்சிஎம்சி என்பார்கள். 2013 அக்டோபர் 25 அன்று தேர்தல் ஆணையம் சமூக ஊடகங்களையும் இதற்குள் கொண்டுவந்தது. அதே சுற்றறிக்கை, இணைய நிறுவனங்களுக்குக் கட்டிய பணம், உள்ளடக்கம் தயாரித்த செலவு, கணக்குகளை நடத்தும் குழுவின் சம்பளம் எல்லாவற்றையும் தேர்தல் செலவில் காட்டச் சொல்கிறது. வேட்பாளர் தன் சமூக ஊடகக் கணக்குகளைப் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தரவும் வேண்டும்.

முன்சான்றிதழ் விண்ணப்பத்தில் விளம்பரத்தின் மின்பிரதியோடு, சான்றொப்பமிட்ட எழுத்து வடிவம் ஒன்றும் வைக்க வேண்டும். பதிவுபெற்ற கட்சிகளும் வேட்பாளர்களும் விளம்பரம் ஓடத் தொடங்கும் நாளுக்கு 3 நாள் முன்பும், மற்றவர்கள் 7 நாள் முன்பும் கொடுக்க வேண்டும். விண்ணப்பத்தில் கேட்கப்படுபவைதான் நமக்கு முக்கியம்: தயாரிப்புச் செலவு எவ்வளவு, ஒளிபரப்புச் செலவு எவ்வளவு, எந்தக் கட்சி அல்லது வேட்பாளரின் வெற்றி வாய்ப்புக்காக இந்த விளம்பரம். பணம் முழுக்கக் காசோலை அல்லது வரைவோலையில்தான் கட்டப்படும் என்ற உறுதி. விண்ணப்பிப்பவர் கட்சியோ வேட்பாளரோ இல்லை என்றால், இது எந்தக் கட்சிக்கும் வேட்பாளருக்கும் ஆதாயமாக ஓடவில்லை, அவர்கள் இதற்குப் பணம் தரவில்லை என்று சத்தியப் பிரமாணம்.

பணம் கட்டுபவரும் பலன் பெறுபவரும் ஒரே தாளில், கையெழுத்தோடு இருப்பது இங்கே மட்டும்தான். டிஸ்கிளெய்மர் வரியில் பொய் எழுதினால் தளத்தின் விதியை மீறியதாக ஆகும். இங்கே பொய் சொன்னால் அது பொய்ச் சத்தியம்.

கூகுள் இந்தியாவில் தேர்தல் விளம்பரம் போட வருபவரிடம் இந்தச் சான்றிதழைக் கேட்கிறது, விளம்பரதாரரின் அடையாளச் சரிபார்ப்பு அதற்கு மேல் தனி. மெட்டாவில் அது, நிறுவனத்தின் அடையாளத்தைக் காட்டும் சான்றுகளில் ஒன்றாகத்தான் இடம்பெறுகிறது. இந்த ஒரு வேறுபாட்டால், கூகுளில் நடக்காத பல வேலைகள் மெட்டாவில் நடக்கின்றன.

மெட்டாவின் டிஸ்கிளெய்மர் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

இந்தியாவில் 2019 பிப்ரவரியில் மெட்டா (அப்போது ஃபேஸ்புக்) டிஸ்கிளெய்மரைக் கட்டாயமாக்கியது. விளம்பரம் போடுபவர் அரசு அடையாள ஆவணத்தைக் கொடுத்துத் தன்னை உறுதிசெய்ய வேண்டும், இந்தியாவில் இருக்க வேண்டும், கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு வைக்க வேண்டும். பிறகு டிஸ்கிளெய்மரில் தன் சொந்தப் பெயரையோ, பக்கத்தின் பெயரையோ, ஓர் அமைப்பின் பெயரையோ போடலாம். சொந்தப் பெயர் அல்லாத வேறு பெயர் என்றால் தொலைபேசி எண், மின்னஞ்சல், இணையதளம் போன்றவற்றையோ எம்சிஎம்சி சான்றிதழையோ கூடுதலாகக் காட்ட வேண்டும்.

இதில் உறுதியாவது ஒன்றுதான்: இந்தக் கணக்கை இயக்குபவர் உண்மையில் இருக்கும் ஒரு மனிதர். அந்த அமைப்புக்கு அவர் அதிகாரம் பெற்ற ஆளா, பணம் அந்த அமைப்பின் வங்கிக் கணக்கிலிருந்து வந்ததா, அந்த அமைப்பே வேறொருவர் கொடுத்த பணத்தில் ஓடுகிறதா என்பதற்கெல்லாம் இதில் விடை இல்லை. இருபது நாளில் ஒரு டொமைன் வாங்கி, ஒரே பக்கத்தில் தளம் அமைத்து, புது சிம் கார்டு ஒன்றைக் காட்டினால் ‘அமைப்பு’ தயார்.

இதை அளந்து காட்டியது 2022 மார்ச்சில் ரிப்போர்ட்டர்ஸ் கலெக்டிவ் என்ற செய்தியாளர் குழுவும், அரசியல் விளம்பரங்களை ஆராயும் ஆட்.வாட்ச் திட்டமும் சேர்ந்து வெளியிட்ட புலனாய்வு. 2019 பிப்ரவரி முதல் 2020 நவம்பர் வரையிலான ஃபேஸ்புக் விளம்பரங்களைப் பிரித்துப் பார்த்தார்கள். பாஜகவும் அதன் வேட்பாளர்களும் அதிகாரப்பூர்வமாகப் போட்டவை 26,291 விளம்பரங்கள், செலவு குறைந்தது 10.4 கோடி ரூபாய். அதற்கு மேல், கட்சியோடு உள்ள தொடர்பைச் சொல்லாத அல்லது அடையாளத்தையே மறைத்த குறைந்தது 23 விளம்பரதாரர்கள் 34,884 விளம்பரங்களுக்கு 5.83 கோடிக்கு மேல் கட்டியிருந்தார்கள் என்றும், அவற்றில் பெரும்பாலானவை பாஜகவை உயர்த்தவோ எதிரணியைத் தாழ்த்தவோ செய்தன என்றும் அந்தப் புலனாய்வு சொன்னது. தொகை பாதிதான், பார்வைகள் ஏறக்குறைய சமம்: இரு பக்கமும் 130 கோடிக்கு மேல். இந்த உத்தி ஒரு கட்சிக்கு மட்டும் சொந்தமானது இல்லை. விதிகள் இப்படி இருக்கும் வரை யார் கையிலும் இது வேலை செய்யும்.

இன்னொரு ஓட்டை, அரசியல் விளம்பரம் என்று அறிவிப்பதே விளம்பரதாரர் கையில் இருப்பது. அவர் அந்தப் பெட்டியில் டிக் போடாமல் சாதாரண விளம்பரமாக விட்டால், மெட்டாவின் இயந்திரம் கண்டுபிடிக்கும் வரை டிஸ்கிளெய்மர் இல்லாமலே ஓடும். பிடிபட்டால் நிறுத்தப்பட்டு, ‘டிஸ்கிளெய்மர் இல்லாமல் ஓடியது’ என்ற குறிப்போடு, மெட்டாவின் பொது விளம்பரத் தொகுப்பான ஆட் லைப்ரரியில் சேரும். பிடிபடாவிட்டால், ஓடி முடிந்ததும் லைப்ரரியிலிருந்தே மறைந்துவிடும். இந்தியாவில் சாதாரண விளம்பரங்கள் ஓடும் வரைதான் அங்கே தெரியும். அரசியல் விளம்பரங்கள் என்று குறிக்கப்பட்டவை மட்டும் 7 ஆண்டு இருக்கும். ஆகவே டிஸ்கிளெய்மர் இல்லாத அரசியல் விளம்பரம் கண்ணில் பட்டால் அன்றைக்கே பதிவு செய்துகொள்வது நல்லது. நாளை பார்த்துக்கொள்ளலாம் என்றால் நாளை இருக்காது.

தேடும் முறை

ஆட் லைப்ரரியில் நாடு இந்தியா என்றும், வகை அரசியல், தேர்தல் என்றும் தேர்ந்தெடுத்த பிறகே தேட வேண்டும். ‘எல்லா விளம்பரங்களும்’ என்ற வகையில் தேடினால் பழைய அரசியல் விளம்பரங்கள் பல கிடைக்காது. வேட்பாளரின் பெயரைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். தேடல் விளம்பர வாசகத்தைத்தான் பார்க்கும், படத்தின் மேல் எழுதியிருக்கும் எழுத்து அதில் சிக்கும் என்று நம்ப முடியாது. கிடைத்த விளம்பரத்தின் விவரத்தைத் திறந்தால் லைப்ரரி ஐடி, ஓடிய தேதிகள், செலவு வரம்பு, பார்வை வரம்பு, வயது, பாலினம், மாநிலவாரிப் பங்கு, அதோடு விளம்பரதாரர் கொடுத்த தொலைபேசி, மின்னஞ்சல், இணையதளம், முகவரி எல்லாம் வரும். முதலில் குறித்துக்கொள்ள வேண்டியது லைப்ரரி ஐடி. புகாரில் அது இல்லாமல் வெறும் ஸ்கிரீன்ஷாட் போனால் அதிகாரியால் அந்த விளம்பரத்தைத் திரும்பத் தேடி எடுக்க முடியாது.

அடுத்து பக்கத்தின் ‘பேஜ் டிரான்ஸ்பரன்சி’. எப்போது தொடங்கியது, பெயர் எத்தனை முறை மாறியது, நிர்வாகிகள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பது அங்கே தெரியும். சமையல் குறிப்பு, சினிமா மீம் என்று ஆரம்பித்து லட்சம் பேர் சேர்ந்ததும் தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பு பெயர் மாறிய பக்கம் என்றால், பக்கம் கைமாறியிருக்கலாம் என்று சந்தேகிக்க இடம் உண்டு. சந்தேகம்தான், ஆதாரம் அல்ல.

மொத்தச் செலவைப் பார்க்க ஆட் லைப்ரரி ரிப்போர்ட்டை சிஎஸ்வி கோப்பாக இறக்கலாம். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் லைப்ரரி வரம்பைத்தான் காட்டும், இந்தக் கோப்பில் பக்கவாரி மொத்தத் தொகை ரூபாயில் இருக்கும். 100 ரூபாய்க்கு உட்பட்டவை மட்டும் ‘≤100’ என்று வரும். இங்கே இரண்டு பொறிகள் உண்டு. ஒரே பக்கம் மூன்று விதமான டிஸ்கிளெய்மரோடு விளம்பரம் போட்டிருந்தால் மூன்று வரிகளாக வரும். பெயரில் ஒரு புள்ளி கூடுதலாக இருந்தாலும் தனி வரிதான். அதனால் பெயரை வைத்துக் கூட்டாமல் பேஜ் ஐடியை வைத்துக் கூட்ட வேண்டும். இரண்டாவது பொறி எக்செல். கோப்பை நேரடியாக இருமுறை சொடுக்கித் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் கிறுக்கலாக மாறக்கூடும். அதைவிட மோசம், எக்செல் எண்களில் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும். 16 இலக்க ஐடியின் கடைசி எண் சத்தமில்லாமல் 0 ஆகிவிடும். பிறகு அந்த ஐடியைத் தேடினால் எதுவும் வராது, அல்லது வேறெங்கோ கொண்டுபோகும். ‘டேட்டா’ பகுதியிலிருந்து இறக்குமதி செய்து, யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்து, ஐடி உள்ள நிரலை எழுத்து வகையாக மாற்றிக்கொள்ளுங்கள்.

கூகுளில் வேலை வேறு மாதிரி. யூடியூப் விளம்பரத்தில் மூன்று புள்ளியைத் தொட்டால் விளம்பரதாரரின் சட்டப்பூர்வப் பெயரும் நாடும் தெரியும். அங்கிருந்து கூகுளின் பொது விளம்பரத் தொகுப்பான ஆட்ஸ் டிரான்ஸ்பரன்சி சென்டருக்குப் போகலாம். விளம்பர வாசகத்தை வைத்து அங்கே தேட முடியாது. விளம்பரதாரர் பெயர் அல்லது இணையதள முகவரிதான் வழி. ஒவ்வொரு விளம்பரதாரருக்கும் ‘ஏஆர்’ என்று தொடங்கும் அடையாளம், ஒவ்வொரு விளம்பரத்துக்கும் ‘சிஆர்’ என்று தொடங்கும் அடையாளம். இரண்டையும் குறிக்க வேண்டும். 2025-இலிருந்து, பணம் கட்டும் கணக்கின் பெயர் சரிபார்க்கப்பட்ட விளம்பரதாரரின் பெயரிலிருந்து வேறுபட்டால் அதையும் கூகுள் காட்டத் தொடங்கியிருக்கிறது. சிறிய மாற்றம்தான், ஆனால் இந்தத் துறையில் அண்மையில் நடந்த நல்ல காரியங்களில் ஒன்று. அதுவரை ஏஜென்சிக்குப் பின்னால் பணம் யாருடையது என்று வெளியிலிருந்து பார்க்க வழியே இல்லை.

கூகுளின் வரையறை குறுகலானது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கட்சி, வேட்பாளர், அல்லது பதவியில் இருக்கும் மக்களவை, சட்டமன்ற உறுப்பினர் விளம்பரத்தில் வந்தால்தான் அது தேர்தல் விளம்பரம். அணை கட்டக் கூடாது, ஆலையை மூட வேண்டும் என்ற ரகப் பிரச்சினை விளம்பரங்கள் அதில் சேராது. மெட்டாவின் வலை இன்னும் அகலம், சமூகப் பிரச்சினைகளையும் பிடிக்கும்.

ஏஜென்சிப் பெயர் வரும்போது கூட்டல் கணக்கில் கவனம் வேண்டும். ஐ-பேக் என்று எல்லோரும் அறிந்த தேர்தல் ஆலோசனை நிறுவனம் கூகுள் பட்டியலில் ‘இந்தியன் பேக் கன்சல்டிங்’ என்ற தன் கம்பெனிப் பெயரில் வரும். அந்த நிறுவனம் 2021-இல் தமிழ்நாட்டில் திமுகவுக்கும் மேற்கு வங்கத்தில் திரிணமூலுக்கும் ஒரே நேரத்தில் வேலை செய்தது. அதன் மொத்தச் செலவை எடுத்து ஒரு கட்சியின் தலையில் போட்டால் கணக்கு தப்பு. மாநிலவாரியாகவும் தேதிவாரியாகவும் பிரித்து, ஒவ்வொரு விளம்பரத்திலும் எந்தச் சின்னம் வருகிறது என்று பார்த்தே ஒதுக்க வேண்டும்.

பெயர் கிடைத்தபின் ஆளைத் தேடுவதற்குப் பொதுப் பதிவேடுகள் போதும். பிரைவேட் லிமிடெட் என்றால் கார்ப்பரேட் விவகாரத் துறையின் தளத்தில் நிறுவனப் பதிவு எண் கிடைக்கும். 21 எழுத்து-எண் கொண்ட அதிலேயே பதிவான மாநிலமும் ஆண்டும் பொதிந்திருக்கும். பத்தாண்டுச் சேவை என்று விளம்பரத்தில் பேசும் கம்பெனி தேர்தல் ஆண்டில்தான் பதிவானதா என்று அந்த எண்ணே காட்டிக்கொடுக்கும். இயக்குநர்களின் பெயரும் அங்கே உண்டு. இணையதளத்தில் ஜிஎஸ்டி எண் இருந்தால் இன்னும் நல்லது. 15 எழுத்துகளில் முதல் இரண்டு மாநிலக் குறி (தமிழ்நாடு 33), அடுத்த பத்தும் பான் எண். பான் எண்ணின் நான்காவது எழுத்து ‘சி’ என்றால் கம்பெனி, ‘பி’ என்றால் தனிநபர், ‘டி’ என்றால் அறக்கட்டளை, ‘எஃப்’ என்றால் கூட்டு நிறுவனம். அறக்கட்டளை என்று சொல்லிக்கொள்ளும் அமைப்பின் எண்ணில் ‘பி’ இருந்தால் அடுத்த கேள்வி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரே தொலைபேசி எண் பல பக்கங்களின் டிஸ்கிளெய்மரில் வருகிறதா, ஒரே வீடியோ ஒரே மணி நேரத்தில் பல பக்கங்களில் கிளம்பியதா என்பவையும் தொடர்பைக் காட்டும்.

இவ்வளவு செய்தாலும் நிரூபணமாவது ‘இந்தப் பக்கங்கள் ஒரே கையால் இயக்கப்படுகின்றன’ என்பதுதான், கட்சி பணம் கொடுத்தது என்பதல்ல. அதற்குக் கட்சி தேர்தல் ஆணையத்தில் தாக்கல் செய்யும் செலவுக் கணக்கில் ஊடக விளம்பரத் தலைப்பின் கீழ் வரும் பெறுநர் பெயர்களோடு ஒப்பிட வேண்டும். அங்கே அதே கம்பெனிப் பெயர் இருந்தால் சங்கிலி பூர்த்தி. அப்படிக் கிடைக்காத நிலையில் கட்சியின் பெயரை எழுதுவது அவசரம். டிஸ்கிளெய்மரில் இருக்கும் தனிநபரின் வீட்டு முகவரியையும் செல்பேசி எண்ணையும் வெளியிடுவது அதைவிடத் தவறு. அவர் மாதச் சம்பளத்துக்கு ஏஜென்சியில் வேலை பார்க்கும் பையனாகவே பெரும்பாலும் இருப்பார்.

பங்குச் சந்தை விளம்பரத்தில் மட்டும் எப்படி முடிந்தது

இதே மெட்டா, இதே கூகுள், முதலீட்டு விளம்பரங்களில் இன்னும் கண்டிப்பாக நடந்துகொள்கின்றன. 2025 மார்ச் 21 அன்று, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி, தன்னிடம் பதிவு பெற்றவர்கள் தளங்களில் விளம்பரம் போடுவதற்கு, செபி போர்ட்டலில் பதிவான மின்னஞ்சலையும் செல்பேசி எண்ணையும் வைத்தே தளத்தில் கணக்குப் பதிய வேண்டும் என்று சொன்னது. தளம் அந்த விவரத்தைச் செபியின் பதிவோடு ஒப்பிட்ட பிறகே விளம்பரத்தை அனுமதிக்கும். அந்த ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து மெட்டாவும் இந்தியர்களைக் குறிவைக்கும் பங்கு, முதலீட்டு விளம்பரங்களுக்குப் பலன் பெறுபவர் யார், பணம் கட்டுபவர் யார் என்ற இரண்டு பெயரையும் கேட்கத் தொடங்கியது.

இந்த இரண்டு பெயர் முறை ஐரோப்பிய டிஜிட்டல் சேவைச் சட்டத்தின் 26-வது பிரிவில் ஏற்கெனவே இருப்பது: யார் சார்பில் இந்த விளம்பரம், பணம் கொடுத்தவர் வேறு ஆள் என்றால் அவர் யார். முதலீட்டில் இது எளிதாவதற்குக் காரணம், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பட்டியல் இருக்கிறது. ஆலோசகரின் எண் ‘ஐஎன்ஏ’ என்று தொடங்கும், ஆய்வாளரின் எண் ‘ஐஎன்எச்’, தரகரின் எண் ‘ஐஎன்இசட்’. ஆலோசகரும் ஆய்வாளரும் விளம்பரத்தில் பெயரையும் பதிவெண்ணையும் அலுவலக முகவரியையும் காட்ட வேண்டும் என்று 2023 ஏப்ரல் 5 சுற்றறிக்கை சொல்கிறது. மோசடிக்காரர்கள் உண்மையான ஒருவரின் எண்ணை இரவல் வாங்கிப் போடுவதுண்டு. ஆகவே எண் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், செபி தளத்தில் அந்த எண்ணுக்கு எதிரே இருக்கும் தொலைபேசியும் மின்னஞ்சலும் விளம்பரத்தில் இருப்பவையா என்று பார்க்க வேண்டும். பணத்தை வாட்ஸ்அப் குழுவில் வரும் தனிநபர் யுபிஐ எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அரசியலிலும் பட்டியல் இல்லாமல் இல்லை. பதிவு பெற்ற கட்சிகளின் பட்டியல் ஆணையத்திடம் இருக்கிறது, வேட்பாளர்களின் கணக்குகள் படிவம் 26-இல் இருக்கின்றன, சான்றிதழ்கள் எம்சிஎம்சியிடம் இருக்கின்றன. இவற்றைத் தளங்களோடு கோத்து, பட்டியலில் இல்லாதவர் அரசியல் விளம்பரம் போட வந்தால் இரண்டு பெயரையும் கேட்கும் ஏற்பாடுதான் இல்லை. பிரிட்டன் 2023 நவம்பர் 1 முதல் இணைய அரசியல் விளம்பரத்திலேயே, வெளியிடுபவரின் பெயரும் முகவரியும் யார் சார்பில் என்பதும் இருக்க வேண்டும் என்று சட்டமாக்கிவிட்டது. நம் 127ஏ இணையத்துக்கு வந்தால் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் மேலே போய், விளம்பரம் கொடுக்கும் நிறுவனத்தை இறுதியில் யார் கட்டுப்படுத்துகிறார் என்பதையும் சொல்லச் சொன்னது. 2025 அக்டோபர் 10-இல் விதி அமலாகும் முன்பே மெட்டாவும் கூகுளும் அங்கே அரசியல் விளம்பரத்தையே நிறுத்திவிட்டன. விதி எழுதுபவர்கள் இதையும் கணக்கில் வைக்க வேண்டும். அளவு மீறிக் கேட்டால் வெளிப்படையான விளம்பரம் போய், கணக்கே இல்லாத இன்ஃப்ளூயன்சர் கூலி வரும்.

புகார் கொடுப்பவருக்கு

விதிமீறல்களைத் தெரிவிக்கத் தேர்தல் ஆணையம் வைத்திருக்கும் சி-விஜில் செயலி இதற்கு உதவாது. அது அந்த இடத்திலேயே எடுக்கும் படத்தையும் வீடியோவையும்தான் ஏற்கும், போனில் சேமித்து வைத்த ஸ்கிரீன்ஷாட்டை ஏற்காது. மாவட்டத் தேர்தல் அலுவலருக்கும் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கும் எழுத்தில் கொடுப்பதே வழி. லைப்ரரி ஐடி அல்லது ‘சிஆர்’ எண், விளம்பரத்தின் முழு இணைப்பு, பார்த்த தேதியும் நேரமும், டிஸ்கிளெய்மரில் இருந்த வரி எழுத்துக்கு எழுத்து, எந்த வேட்பாளருக்குச் சாதகம் என்பது எல்லாம் அதில் இருக்கட்டும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த விளம்பரத்துக்கு எம்சிஎம்சி சான்றிதழ் உண்டா, உண்டென்றால் எண் என்ன, விண்ணப்பித்தவர் யார். ‘இது பொய்ப் பிரசாரம்’ என்று பக்கம் பக்கமாக எழுதினால் அதிகாரி கருத்துச் சண்டை என்று ஒதுக்கிவிட முடியும். சான்றிதழ் எண்ணைக் கேட்டால் இருக்கிறது அல்லது இல்லை என்று பதில் சொல்லியாக வேண்டும். வாக்குப்பதிவுக்கு முந்தைய 48 மணி நேரத்தில் ஓடும் விளம்பரம் என்றால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-வது பிரிவைக் குறிப்பிடுங்கள். 2019-இல் தளங்கள் ஆணையத்திடம் ஒப்புக்கொண்ட நெறிமுறைப்படி, அத்தகைய புகாரை ஆணையம் அனுப்பினால் 3 மணி நேரத்துக்குள் நடவடிக்கை வேண்டும்.

நீதிமன்றம் வரை போகும் எண்ணம் இருந்தால் மின்பதிவுகளுக்குப் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழ் தேவை. கோப்பின் ஹாஷ் மதிப்பு (கோப்பு சற்று மாறினாலும் மாறிவிடும், கைரேகை போன்ற குறியீடு) அதில் எழுதப்பட வேண்டும், எனவே எடுத்த கோப்பை வெட்டாமல், வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருக்காமல், அப்படியே வைத்திருங்கள். நாள் கணக்கும் முக்கியம். வெற்றி அறிவிக்கப்பட்டு 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போட வேண்டும். வேட்பாளர் தன் செலவுக் கணக்கை 30 நாளில் கொடுத்துவிடுவார், அது கைக்கு வரும். கட்சியின் கணக்குக்கு அவகாசம் சட்டமன்றத் தேர்தலில் 75 நாள், மக்களவைத் தேர்தலில் 90 நாள். ஏஜென்சியின் பெயர் இருக்கும் அந்தக் கணக்கு வரும்போது மனுவுக்கான கெடு முடிந்திருக்கும். ஆகவே மனு நிற்பது, தேர்தல் நடக்கும்போதே எடுத்துவைத்த ஐடிகளிலும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய எம்சிஎம்சி விண்ணப்பப் பிரதியிலும்தான். அந்தச் சட்டத்தில் பதில் வர 30 நாள் ஆகலாம் என்பதால், விண்ணப்பத்தை முடிவு வரும்வரை தள்ளிப்போடாமல் வாக்குப்பதிவுக்கு முன்பே போட்டுவிட வேண்டும்.